நின்றதும் நிறுத்தியதும்

எங்கள் ஊர் வீட்டு இட்லித் தட்டு ஒன்றில் இப்போது நட்டுகளும் வாஷர்களும் இருக்கின்றன. குழிக்கு ஒரு வகை என்று பிரித்து வைத்திருக்கிறேன். ஹெட் நட்டு நான்கும் ஒரு குழியில், கார்புரேட்டர் திருகுகள் ஒரு குழியில், சைலன்சர் நட்டு இரண்டும் ஒரு குழியில். கழற்றிய வரிசை மறந்துபோகாமல் இருக்க நான் கண்டுபிடித்த வழி இது. "இனி அந்தத் தட்டுல இட்லி ஊத்திராத கண்ணு" என்று அம்மா சொல்லிவிட்டார். தட்டு போனதில் அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் பதினோரு நாளும் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் பிரித்தது அவருடைய மொபெட்டின் இன்ஜினை. 1997 ஏப்ரலில் நின்ற வண்டி. இருபத்தேழு ஆண்டுகள் மாட்டுச்சாளையில் கிடந்தது. சாளையில் மாடுகள் இல்லாமல் போன பிறகும் வண்டி மட்டும் அங்கேயே இருந்தது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, சாளையை இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. பழைய இரும்புக்காரர் வண்டியைக் கிலோக் கணக்கில் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. இந்த வண்டியைக் கெடுத்தவள் நான் என்று நம்பியே இத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன். கெடுத்தது எப்படிக் கெட்டது என்று ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அம்மா கிராம சுகாதாரச் செவிலியர். தாராபுரம் பக்கம், அன்றைக்கு ஈரோடு மாவட்டம், இன்றைக்குத் திருப்பூர் மாவட்டம். சமவெளியில் ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசாங்கக் கணக்கு. அந்த ஐயாயிரம் பேரும் ஓர் ஊரில் கூடி இருக்கமாட்டார்கள். ஒரு பெரிய ஊர், நான்கைந்து சின்ன ஊர்கள், தோட்டத்துச் சாளைகள் என்று சிதறிக் கிடப்பார்கள். தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் உருகுவதற்குள் எல்லா இடத்துக்கும் போய்வர வேண்டும். 1989இல் சொசைட்டியில் கடன் வாங்கி அம்மா அந்த மொபெட்டை வாங்கினார். எங்கள் பக்கம் எந்தக் கம்பெனி மொபெட்டையும் 'டிவிஎஸ் ஃபிஃப்டி' என்றுதான் சொல்வார்கள். 1980இல் ஓசூரிலிருந்து வந்த அந்த வண்டியின் பெயர் அப்படி ஊர்ப் பெயராகிவிட்டது. அம்மாவையும் ஊரில் 'ஃபிஃப்டிக்கார நர்சம்மா' என்றார்கள். முன்பக்கம் ஊசிப் பெட்டி, பின்பக்கம் நான், அல்லது வலி கண்ட ஒரு பெண்ணின் மாமியார். எட்டு ஆண்டுகள் அந்த வண்டி அப்படி ஓடியது.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரம், நானும் ஒரு தோழியும் அதை எடுத்துக்கொண்டு தாராபுரம் போனோம். ஓட்டத் தெரியும், ஆனால் தனியாக அவ்வளவு தூரம் ஓட்டியது அன்றுதான். பெட்ரோல் தீரும் நிலை. பங்கில் ஒரு லிட்டர் போடச் சொன்னேன். பையன், "ஆயிலு?" என்று கேட்டான். அது ஏதோ கூடுதல் விஷயம், காசு பிடுங்குகிற விஷயம் என்று நினைத்து, "வேண்டாங்க" என்றேன். மிச்சமான காசில் இருவரும் ரோஸ்மில்க் குடித்தோம். திரும்பும் வழியில், உச்சி வெயிலில், மேட்டில் ஏறும்போது இன்ஜினின் சத்தம் மெலிந்து கூர்மையானது. இழுவை குறைந்தது. பிறகு ஒரு கீச்சொலி, அதோடு நின்றது. பெடலை மிதித்தால் கல் மாதிரி இருந்தது. ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தோம்.

அப்பா அன்று மாலை வண்டியை எங்கோ கொண்டுபோய்விட்டு, மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவந்தார். "மெக்கானிக் பிரிச்சுப் பாத்துட்டான். போரு, பிஸ்டன் எல்லாம் போச்சு. சரி பண்ற காசுக்குப் புது வண்டியே வாங்கிக்கலாம்" என்றார். புது வண்டி வாங்கவில்லை. "பொட்டப்புள்ளைக கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்" என்ற வாக்கியம் மட்டும் எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் ஓடியது. அம்மா அதன் பிறகு ஓய்வு பெறும் வரை டவுன் பஸ்ஸில் போனார். பஸ் போகாத ஊர்களுக்கு நடந்தார்.

*

அந்த இன்ஜினின் உள்ளே நடப்பதை நான் இந்த ஆண்டுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் உராய்வைத் தடுக்கும் எண்ணெய் தனியாக ஒரு தொட்டியில் இல்லை. பெட்ரோலோடு கலந்து உள்ளே போகும் எண்ணெய்தான் கிராங்கையும் பிஸ்டனையும் நனைக்கிறது, பிறகு எரிந்து புகையாகப் போகிறது. வண்டியைப் பொறுத்து லிட்டருக்கு 20 முதல் 40 மில்லி வரை. அது இல்லாவிட்டால் உலோகத்தின் மேல் உலோகம். பிஸ்டன் அலுமினியம், அது ஏறி இறங்கும் சிலிண்டர், மெக்கானிக்குகள் 'போர்' என்று சொல்வது, வார்ப்பிரும்பு. சூடானால் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியோ ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. எண்ணெய் இல்லாத பிஸ்டன் சூடேறி, விரிந்து, போரின் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. மெக்கானிக் மொழியில் 'சீஸ் ஆயிடுச்சு'.

ஆக, நான் 'வேண்டாங்க' என்று சொன்ன சொல்தான் காரணம். இதில் சந்தேகம் இல்லை. ஆனால் தெரியாமல் சொன்னேன். தெரியாமல் செய்தது எவ்வளவு தூரம் நம்முடைய குற்றம்?

அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில் இதைப் பேசுகிறார். அறியாமையால் ஒன்றைச் செய்து, பின்னர் அதற்காக வருந்துகிறவரின் செயலை அவர் மனமறிந்து செய்ததாகக் கொள்ள முடியாது. ஆனால் அந்த அறியாமைக்கே ஒருவர் பொறுப்பாளி என்றால், கவனமின்மையால் தெரிந்துகொள்ளாமல் விட்டார் என்றால், தண்டனை உண்டு. நான் வருந்தியிருக்கிறேன், அதில் குறையே இல்லை. ஆனால் அந்த அறியாமை யாருடையது? எட்டு ஆண்டுகள் பின்சீட்டில் உட்கார்ந்து போனவள், வண்டி எதைக் குடித்து ஓடுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

என் சித்தப்பா மகனுக்கு அப்போது பதினான்கு வயது. அவனுக்கு ஆயில் கலப்பது தெரியும். பிளக்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்கத் தெரியும். அவனுக்கும் யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளி விட்டதும் சைக்கிள் கடையிலும் பட்டறையிலும் போய் நிற்பான். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். நின்று பார்த்தே கற்றுக்கொண்டான். நான் அந்தப் பட்டறையைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போகக் கற்றிருந்தேன். இயந்திர அறிவு ஆணின் ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லப்படுவதற்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்: ஓரிடத்தில் வேலையில்லாமல் நிற்க ஒருவருக்கு இருக்கும் உரிமை. பெண் ஒரு பட்டறை வாசலில் ஒரு மணி நேரம் சும்மா நின்றால், அவள் யாருக்காக நிற்கிறாள் என்று ஊர் கேட்கும்.

இதைச் சொல்லி என்னை முழுதாக விடுவித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. கேட்டிருக்கலாம். அம்மாவிடமே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்க வேண்டும் என்று தோன்றாமல் வளர்க்கப்படுவதும் ஒரு வளர்ப்புதான். அதற்கு ஒரு வீடு, ஒரு தெரு, ஓர் ஊர் சேர்ந்து உழைக்க வேண்டியிருக்கிறது.

*

தாராபுரம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் முதலில் போனேன். "எடைக்குப் போட்டுருங்க டீச்சர், இதெல்லாம் இனி ஆகறதில்லை" என்றார். நானே பிரிக்கப் போகிறேன் என்றதும் சிரித்தார். மூன்றாம் முறை போனபோது பிளக் ஸ்பேனரும், ரிங் ஸ்பேனர் செட்டும், டி ஸ்பேனரும் இரவலாகக் கொடுத்தார். "அவசரப்படாதீங்க. பலத்துல வராது. ஊறவிடுங்க" என்றார். முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியவர்கூட எனக்கு இவ்வளவு பயனுள்ள அறிவுரை சொன்னதில்லை.

முதல் நாள் சைலன்சரும் கார்புரேட்டரும் கழன்றன. பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டன் பாதி வழியில் நின்றிருந்தது. எக்ஸாஸ்ட் துவாரம் பாதி திறந்திருந்தது. துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயையும் டீசலையும் ஊற்றி ஊறவிட்டேன். நான்கு நாள், காலையும் மாலையும். ஐந்தாம் நாள் ஹெட்டின் நான்கு நட்டுகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றித் தளர்த்தினேன். ஹெட்டைத் தூக்கியபோது மொறுமொறுவென்று ஒரு சத்தம் வந்தது. ஹெட்டும் போரும் சேரும் இடத்தில் உட்புறமாகக் கரி ஒரே படலமாகப் படிந்திருந்தது, அது உடைந்த சத்தம். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போட்டோ மட்டும் எடுத்தேன்.

பிஸ்டன் தலைமேல் புளியங்கட்டையை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். இரண்டு நாள் அசையவில்லை. மூன்றாம் நாள் அரை நூல் இறங்கியது. அந்த அரை நூலுக்கு நான் கத்திய கத்தலில் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஓடிவந்தார். எட்டாம் நாள் போரை ஆட்டி ஆட்டி மேலே உருவினேன். பிஸ்டன் தனியாக என் கையில் நின்றது. ஒரு சின்ன டம்ளர் அளவுதான் இருந்தது.

போரையும் பிஸ்டனையும் ஹெட்டையும் ஒரு சாக்கில் போட்டு அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இது சீஸ் ஆகி இறுகுன வண்டி இல்லைங்க டீச்சர்" என்றார். 

காட்டினார். எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டனில் செங்குத்தாகச் சில கோடுகள். போர் சுவரில் அதற்கு நேராக, மெல்லிய வெள்ளிக் கீற்று போல ஒட்டியிருந்த அலுமினியம். அதுதான் 1997 ஏப்ரல், அதுதான் நான். ஆனால் அது லேசான காயம். சூட்டில் பிடித்து, ஆறியதும் விட்டுவிடும் வகை. பிஸ்டனை இத்தனை ஆண்டு பிடித்திருந்தது அது இல்லை. ரிங்குகள் நின்ற இடத்தில் போரைச் சுற்றி வளையமாகப் பிடித்திருந்த துரு. பாதி திறந்திருந்த துவாரத்தின் வழியாக ஒவ்வொரு மழைக்காலத்து ஈரமும் உள்ளே போய் மெல்ல மெல்லச் செய்த வேலை. "அன்னிக்கே ஆறவிட்டு, கழட்டி, அந்த அலுமினியத்தச் சுரண்டி, வேணும்னா ரிங்கு மாத்திப் போட்டிருந்தா ஓடியிருக்குமுங்க" என்றார். 

"அப்பவே ஒரு மெக்கானிக் பிரிச்சுப் பாத்தாராமே?" என்றேன்.

ஹெட்டின் விளிம்பில் உடைந்திருந்த கரியைக் காட்டினார். கரி இன்ஜின் ஓடும்போதுதான் படியும். கடைசியாக ஓடிய பிறகு யாராவது ஹெட்டைத் திறந்திருந்தால், சேரும் இடத்தில் அந்தப் படலம் அன்றே உடைந்திருக்கும். அதன் பிறகு வண்டி ஓடவே இல்லை, எனவே மீண்டும் படிந்திருக்க வழியில்லை. "இதை உங்களுக்கு முன்னாடி ஆரும் தொறக்கலீங்க."

*

நான் இருபது ஆண்டுகளாக வகுப்பில் தன்வினையும் பிறவினையும் நடத்துகிறேன். நின்றது, நிறுத்தினான். திருந்தினாள், திருத்தினாள். மாணவர்களுக்கு எளிதில் புரியும் பாடம். அதை நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் எழுதும் முதல் எடுத்துக்காட்டு 'வண்டி நின்றது'. பட்டறையிலிருந்து சாக்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, அந்த எடுத்துக்காட்டை இனி எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை.

நம் மொழியில் பெண்களுடைய இழப்புகளில் பெரும்பாலானவை தன்வினையில் சொல்லப்படுகின்றன. 'அவ படிப்பு பத்தாவதோட நின்னுபோச்சு.' படிப்பு எப்படித் தானாக நிற்கும்? 'கல்யாணத்துக்கு அப்புறம் பாட்டு விட்டுப்போச்சு.' 'வேலை நின்னுருச்சு.' மழை நிற்பதைப் போல, காற்று நிற்பதைப் போல. நிறுத்தியவர் அந்த வாக்கியத்துக்குள் இல்லை. அவரைத் தேட வேண்டிய தேவையே இல்லாதபடி வாக்கியம் முடிந்துவிடுகிறது.

இதன் கொடிய வடிவம் ஒன்று என் பள்ளிப் பருவத்துச் செய்தித்தாள்களில் இருந்தது. 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி.' ஸ்டவ் வெடித்தது என்பதில் எழுவாய் ஸ்டவ். அஃறிணை எழுவாயை யாரும் கைது செய்ய முடியாது. அதே பம்ப் ஸ்டவ்வை அதே வீட்டில் மாமியார்களும் நாத்தனார்களும்தான் பற்றவைத்தார்கள். மருமகளின் கையில் மட்டும் அது ஏன் வெடிக்கிறது என்று பெண்கள் இயக்கங்கள் கேட்டன. 1986இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304-பி பிரிவு வந்தது. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் தீக்காயத்தாலோ இயல்புக்கு மாறாகவோ ஒரு பெண் இறந்து, அதற்குச் சற்றுமுன் வரதட்சணைக்காகக் கொடுமை நடந்திருந்தால், அது வரதட்சணை மரணம். அதோடு சாட்சியச் சட்டத்தில் சேர்த்த பிரிவு, அந்தக் கொடுமை நிரூபிக்கப்பட்டால் கணவரோ அவர் உறவினரோ அந்த மரணத்துக்குக் காரணம் என நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்றது. இலக்கணமாகப் பார்த்தால், அந்தச் சட்டம் செய்தது ஒரு வாக்கியத்தின் எழுவாயை மாற்றியதுதான்.

என் அப்பாவை அந்தக் கொலைகாரர்களோடு வைத்துப் பேசவில்லை. அவர் யாரையும் அடித்ததில்லை. என்னைப் படிக்கவைத்தவர். ஆனால் இயந்திரத்தைக் காரணமாகக் காட்டி ஒரு பெண்ணின் போக்குவரத்தை முடித்துவைப்பதும், இயந்திரத்தைக் காரணமாகக் காட்டி ஒரு பெண்ணின் உயிரை முடித்துவைப்பதும் ஒரே இலக்கணத்தைத்தான் பயன்படுத்துகின்றன. அளவில் எத்தனையோ தூரம் இருந்தாலும், வாக்கிய அமைப்பு ஒன்றுதான்.

அதே சமயம் என்னிடம் இருக்கும் சாட்சி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதிலும் நான் நேர்மையாக இருக்க வேண்டும். இன்ஜினை யாரும் திறக்கவில்லை என்று கரி சொல்கிறது. அப்பா பொய் சொன்னார் என்று அது சொல்லவில்லை. அன்றைய மெக்கானிக் திறக்காமலேயே 'போச்சு' என்று சொல்லி, அப்பா அதை நம்பியிருக்கலாம். அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பதில் சொல்ல முடியாதவர்மேல் குற்றம் சாட்டுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்தச் சௌகரியத்தை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது.

*

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். பிஸ்டனை அவர் மடியில் வைத்து, கோடுகளையும் துருவையும் காட்டி, பாடம் நடத்துவது போல எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மாவுக்கு எழுபத்துநாலு வயது. சேலைத் தலைப்பால் பிஸ்டனைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியுமே கண்ணு" என்றார்.

மூன்றாம் நாள் அப்பா வண்டியைக் கொண்டுவந்து சாளையில் நிறுத்திய இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, அம்மா போய்ப் பெடலை மிதித்துப் பார்த்திருக்கிறார். "கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு. ஆனா சுத்துச்சு." 

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அதுக்கு முந்துன வருசமே வண்டியப் பத்தி வூட்ல பேச்சுதான். ஒரு பிரசவத்துக்குப் போயிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தனல்லோ, அத உன்ற மாமன் ஒருத்தரு கல்யாண வூட்டுல நாலு பேத்துக்கு முன்னால கேட்டுப்போட்டாரு. அப்பாவுக்கு அது ஆறவே இல்லை. வண்டி நின்னதும் அவருக்கு நிம்மதி. அந்த நேரத்துல உன்னயக் கோயமுத்தூரு காலேஜுல, ஹாஸ்டல்ல சேர்த்தோணும்னு நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டு சண்டை போடறதுக்கு எனக்குத் தெம்பு இல்லை கண்ணு. ஒண்ணுதான் போட முடிஞ்சுது."

அதற்குப் பிறகு சிறிது நேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை. 

இருபத்தேழு ஆண்டுகளாக நான் ஒரு குற்றத்தைச் சுமந்தேன். அன்று காலைதான் பட்டறையில் அது என் குற்றம் இல்லை என்று தீர்ந்து, அப்பாவின் பக்கம் கை நீட்டத் தொடங்கியிருந்தேன். இப்போது இன்னொரு பெயர் வந்தது. வண்டியை நிறுத்தியவர்களில் அம்மாவும் ஒருவர். இதை எப்படி எழுதுவது? அம்மாவை வெறும் பாதிக்கப்பட்டவராக எழுதினால், அன்றிரவு சாளையில் பெடலை மிதித்துப் பார்த்து, அது சுற்றுவதை அறிந்து, யோசித்து, ஒரு முடிவெடுத்த பெண்ணை நான் அழித்துவிடுவேன். அவர் முடிவெடுத்தார் என்று மட்டும் எழுதினால், இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம் என்ற கணக்கை அவர்முன் வைத்தவர்கள் தப்பிவிடுவார்கள். தேர்வு அவருடையது. தேர்வுத்தாளை அவர் தயாரிக்கவில்லை. 

இதற்கு நான் அப்போது 'தியாகம்' என்ற சொல்லைப் பயன்படுத்தினேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "தியாகமெல்லாம் ஒண்ணுமில்லை. காலு வலிச்சுது, அவ்வளவுதான்" என்றார். எனக்கும் அந்தச் சொல் இப்போது பிடிக்கவில்லை. தியாகம் என்று சொன்னவுடன் கணக்கு முடிந்துவிடுகிறது. அவர் வண்டியைக் கொடுத்து வாங்கியது என் படிப்பு. ஆனால் அந்த வண்டியில் எனக்கு மட்டும் பங்கு இல்லை. தொலைவிலிருந்த இரண்டு சின்ன ஊர்களுக்கு அம்மா அதன் பிறகு இரவில் போகவில்லை. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008இல். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் அந்த ஊர்களில் இரவில் வலி கண்ட பெண்கள் எதில் போனார்கள், யாரோடு போனார்கள்? நான் கேட்டதே இல்லை. என் முனைவர் பட்டத்துக்கு அவர்களும் ஏதோ கட்டணம் கட்டியிருக்கிறார்கள். குற்றவுணர்வு என்னைப் பற்றியே யோசிக்கவைத்தது. கடன் என்று எண்ணத் தொடங்கியதும்தான் அவர்களுடைய முகங்கள் நினைவுக்கு வந்தன.

*

தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் கண்ணகி நினைவுக்கு வராமல் இருக்கமாட்டாள். பாண்டியன் அவையில் இரண்டு சிலம்புகளும் வெளிப்பார்வைக்கு ஒன்றாகவே இருந்தன. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வேறுபாடு உள்ளே இருந்தது. அரசன் பொற்கொல்லனின் சொல்லை நம்பினான், திறந்து பார்க்கவில்லை. திறந்து காட்ட ஒரு பெண் வர வேண்டியிருந்தது. அவள் உடைத்துக் காட்டினாள். உண்மை தெரிந்தது, ஆனால் கோவலன் அதற்குள் இறந்திருந்தான். ஒரு மொபெட்டுக்கு இவ்வளவு பெரிய ஒப்பீடு தேவையில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி ஒன்றுதான்: திறந்து பார்க்காமல் சொல்லப்படும் 'போச்சு' என்ற தீர்ப்பை யார் சொல்கிறார்கள், யார் ஏற்க வேண்டியிருக்கிறது?

நம் மாநிலத்தில் பெண்களைச் சக்கரத்தின் மேல் ஏற்ற நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல் உடைக்கும் பெண்களும் செவிலியர்களும் சைக்கிளில் போன மாவட்டம் அது. 2018இல் வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுக்கும் திட்டம் வந்தது. என் மாணவிகளின் அம்மாக்கள் சிலர் அதில் வண்டி வாங்கினார்கள். வண்டி பெண்ணின் பெயரில் இருக்கிறது. ஆனால் அது நின்றால், நின்றதற்கான காரணத்தைச் சொல்பவர் இன்னும் வேறொருவர்தான். அவர் சொல்வதைச் சரிபார்க்க வழியில்லாதவரை, அந்த உரிமை பாதி உரிமைதான்.

எல்லாப் பெண்களும் ஸ்பேனர் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எல்லா ஆண்களுக்கும் இன்ஜின் தெரியாது. தவிர, பெண்கள் இயந்திரம் அறியாதவர்கள் என்பதே பொய். அம்மா தினமும் பம்ப் ஸ்டவ்வின் நிப்பிளைப் பின்னால் குத்திச் சரிசெய்தவர். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, நூல் அறுந்தால் டென்ஷனைத் திருகிச் சரிசெய்தவர். குக்கரின் காஸ்கெட் எப்போது மாற்ற வேண்டும் என்று சத்தத்திலேயே அறிபவர். அதையெல்லாம் யாரும் இயந்திர அறிவு என்று எண்ணவில்லை, வீட்டு வேலை என்றார்கள். ஆயில் கலக்கும் அளவும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. எட்டு ஆண்டுகள் அவர்தானே ஊற்றினார்?

"எனக்கு ஏம்மா சொல்லித் தரல?" என்று கேட்டேன்.

வெகு நேரம் யோசித்தார். "சொல்லோணும்னு தோணவே இல்லை கண்ணு. இட்லிக்கு அரிசி எத்தனை, உளுந்து எத்தனைன்னு சொன்னேன். இதச் சொல்லல" என்றார். அதில் அவருக்கு வந்த வருத்தம் வண்டிக்கு வந்த வருத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

போரை லேத்துக்குக் கொடுத்திருக்கிறேன். துரு குழி போட்டிருப்பதால் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். பிஸ்டன் கிடைக்கிறதா என்று அண்ணன் கோயமுத்தூரில் விசாரித்துக்கொண்டிருக்கிறார். பதிவுக் காலம் பதினைந்து ஆண்டு முடிந்து எப்போதோ காலாவதியாகிவிட்டது. ஓடினாலும் தோட்டத்துக்குள்தான் ஓட்ட முடியும். லேத்தில் பில் யார் பெயருக்கு என்று கேட்டார்கள். அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

கிளம்பும் நாள் காலையில் அம்மா பேருந்து நிறுத்தம் வரை வந்தார். பஸ் வந்து நின்ற பிறகு, படியில் கால் வைத்தவளை நிறுத்திக் கேட்டார்: "ஒரு லிட்டருக்கு எத்தனை மூடி ஊத்துவ?"

"ரெண்டுங்கம்மா" என்றேன்.

"ம். மறந்துராத."